அவருடைய சிதம்பரமும் என்னுடைய சிதம்பரமும்

என் கணவரும் நானும் ஒரே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். தொண்ணூறுகளின் முற்பாதி. அவர் பொறியியல், நான் தமிழ். படிக்கும்போது ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆண்டுகள் பல கழித்து ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வந்த அன்றுதான், “பிள்ளையும் அண்ணாமலையில்தான் படித்தார்” என்று யாரோ சொன்னார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். காதலித்துவிட்டு நாடகம் ஆடுகிறோமோ என்ற சந்தேகம் என் பெரியப்பாவுக்குக் கடைசிவரை தீரவில்லை.

இந்தக் கதை எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். “ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் எப்படிப் பார்க்காமல் இருந்தீர்கள்?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதற்கு எங்கள் இருவரிடமும் சரியான பதில் இருந்ததில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வார இறுதியைச் சேர்த்துக்கொண்டு நால்வருமாகச் சிதம்பரம் போய் வந்தபோது அந்தப் பதில் கிடைத்தது. படித்த ஊருக்குக் குடும்பத்தோடு போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

போவதற்கு முந்தைய வாரமே ஆளுக்கொரு தாளில் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ எழுதினோம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது மகளின் நிபந்தனை. எழுதி முடித்து மேசையில் வைத்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. அவர் தாளில் ரயில் நிலையத்துக்கு அருகில் இரவெல்லாம் திறந்திருந்த டீக்கடை, இரண்டாம் ஆட்டம் பார்த்த தியேட்டர், நண்பர்களோடு குளிக்கப் போன கொள்ளிடக் கரை, விடுதி அறை, ஒர்க்‌ஷாப். என் தாளில் நூலகம், தமிழ்த்துறைத் தாழ்வாரம், திருவேட்களம் கோயில், இசைக் கல்லூரிக்கு வெளியே ஒரு மரத்தடி, அஞ்சலகம். இரண்டு தாளிலும் பொதுவாக இருந்தது நடராசர் கோயில் மட்டும்.

இந்த வேலையை நீங்களும் செய்யுங்கள். ‘நாங்கள் படித்த ஊர்’ என்று பன்மையில் பேசிப் பேசி, இருவருக்கும் ஒரே ஊர்தான் நினைவில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். போன இடத்தில்தான் ஒருவர் கிழக்கே இழுப்பார், மற்றவர் மேற்கே இழுப்பார். நடுவில் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். தாள் முன்கூட்டியே இருந்தால் நேரத்தைப் பங்கு பிரிக்கலாம். வெள்ளி பிற்பகல் எனக்கு, வெள்ளி இரவு அவருக்கு, சனிக்கிழமை காலை முழுக்கப் பிள்ளைகளுக்கு என்று பிரித்தோம். பிள்ளைகளின் பங்கில் எங்கள் நினைவுகளுக்கு இடமே கிடையாது என்பதும் ஒப்பந்தம். இன்னொரு சட்டத்தை என் மகன் போட்டான்: இடத்துக்கு ஒரு கதை, அதுவும் கேட்டால்தான். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். நீதிபதி தோற்றுப்போகும் கண்டிப்பு.

காரில் போகலாமா, ரயிலில் போகலாமா என்ற வழக்கு எங்கள் வீட்டிலும் நடந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாகச் சாலையில் போனால் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்ப்பார், ஊரைப் பார்க்க மாட்டார் என்பதால் நான் ரயிலுக்கு ஓட்டுப் போட்டேன். சோழன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறினோம். பண்ருட்டி முந்திரி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். நாங்கள் படித்தபோது இது மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதையாகி 2010-ல்தான் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாலம் வந்ததும் அவரும் நானும் ஒரே நேரத்தில் மேல் பலகையிலிருந்த பையை எடுக்க எழுந்தோம். இன்னும் கிள்ளை தாண்ட வேண்டும், அவசரமே இல்லை. அந்தக் காலத்துப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. மகள் சிரித்தாள். “ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் இப்படித்தான் எழுந்து நின்றிருப்பீர்கள்” என்றாள்.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள்: கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி. இவற்றில் ஏதாவது ஒன்றில், அல்லது அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். இரவில் கோயிலுக்கும் விடியற்காலையில் காபிக்கும் நடந்தே போகலாம். முன்பதிவு செய்யும்போது பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். தை மாதம், முகூர்த்தக் காலம். எங்கள் விடுதிக்குப் பின்னால் நள்ளிரவு வரை மெல்லிசைக் கச்சேரி. முகப்பில் இருந்த இளைஞரிடம் சொன்னோம். “நாளைக்கும் முகூர்த்தம் சார்” என்று ஆறுதல் சொன்னார்.

பல்கலைக்கழகத்துக்கு வேலை நாளில் போக வேண்டும். சனி, ஞாயிறில் போனால் பூட்டிய கதவுகளையும் மரங்களையும் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தது இதற்காகத்தான். இன்னொன்று, உள்ளே ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு போவது நல்லது. என்னோடு படித்த தோழி அங்கேயே பணியாற்றுகிறாள். முன்னதாகவே போனில் சொல்லியிருந்தேன். நூலகத்திலும் துறையிலும் அவள் கூட வந்ததால் கேள்வி இல்லாமல் நடக்க முடிந்தது. விடுதிகளுக்குள் வெளியார் போக முடியாது, அது நியாயமும்கூட. இன்று அங்கே இருப்பவர்கள் யாரோ வீட்டுப் பிள்ளைகள். ‘நான் இங்கே இருந்தவன்’ என்று காவலரிடம் வாதாடுவதில் பொருளில்லை. பழைய மதிப்பெண் சான்றிதழ், நகல் சான்றிதழ் என்று அலுவலக வேலை ஏதாவது இருந்தால் அதை இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். வரிசையில் நிற்கும் அப்பாவை வேடிக்கை பார்ப்பதற்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டியதில்லை.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் சிதம்பரம், அந்தப் பக்கம் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரிதான் வளர்ந்து 1929-ல் பல்கலைக்கழகமானது. மாணவரும் ஆசிரியரும் அங்கேயே தங்கிப் படிக்கும் ஊராகவே அமைக்கப்பட்டது. 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பட்டம் இல்லாத தெருவே இருக்காது. தொலைதூரக் கல்வியில் அப்படி வாரி வழங்கினார்கள். பட்டம் வாங்கியவர்களில் பலர் இந்த மரங்களைப் பார்த்ததில்லை. என் மகளின் பள்ளியிலேயே அப்படி ஆசிரியைகள் உண்டு. “நீ நிஜமாகவே அங்கே உட்கார்ந்து படித்தாயா?” என்று அவள் சிறுவயதில் என்னைக் கேட்டதுண்டு.

நுழைவாயிலுக்கு அருகில் இராசேந்திரன் சிலை. மொழிப்போர் தியாகிகள் நாளுக்குப் போட்ட மாலைகள் காய்ந்து, சாமந்தி பழுப்பாகி, நூல் மட்டும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 1965 சனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் மீது காவல்துறை சுட்டதில் இறந்தவர். மகன் சிலையையே பார்த்துவிட்டு, “இந்த அண்ணனுக்கு என்ன வயது?” என்று கேட்டான். கல்லூரி மாணவர்தான் என்றேன். “அக்காவைவிடக் கொஞ்சம் பெரியவர்” என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். அதற்குமேல் கேட்கவில்லை. சட்டப்படி நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு விடுதியில் அப்பாவிடம் இதைப்பற்றி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இடத்தில் சொல்லாமல் விட்ட கதை இரவில் வந்து நிற்கும் என்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நாமாகச் சொல்லியிருந்தால் பாடமாகியிருக்கும்.

தமிழ்த்துறையில் எனக்குச் சட்டத்தை மீறக் கை துறுதுறுத்தது. விபுலானந்த அடிகள் இங்கேதான் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நாவலர் சோமசுந்தர பாரதியார், தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் எல்லாரும் நடந்த தாழ்வாரம். திராவிட இயக்கத் தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே மாணவர்கள். தோழிதான் என்னைக் காப்பாற்றினாள். அவளே ஆரம்பித்துவிட்டாள், அவளுக்குச் சட்டம் தெரியாது. மகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஆனால் நூலகத்தில் அவளாகவே நின்றுவிட்டாள். சர் சி.பி. இராமசாமி ஐயர் பெயரில் இருக்கும் பெரிய நூலகம். அட்டை கழன்ற பழைய நூல்களின் வாசனை அப்படியே இருந்தது. நான் எப்போதும் உட்காரும் சன்னலோரத்தில் ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். என் மகள் அந்தப் பெண்ணின் எதிரில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து தன் இயற்பியல் புத்தகத்தை எடுத்தாள். ஊருக்குப் போகும்போது இயற்பியல் புத்தகம் எதற்கு என்று காலையில்தான் கடிந்துகொண்டிருந்தேன்.

அவருடைய பங்கு மாலையில் தொடங்கியது. ஒர்க்‌ஷாப்பை வெளியிலிருந்தும், விடுதியைச் சாலையிலிருந்தும் காட்டினார். எந்தச் சன்னல் என்று மகன் கேட்டதற்கு முதலில் ஒன்றைக் காட்டினார். பிறகு அதற்குப் பக்கத்துச் சன்னல் என்றார். டீக்கடை இருந்த இடத்தில் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்யும் கடை. சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் அதன் எதிரில் நின்றார். போவதற்கு முன்பே யாரிடமாவது விசாரித்து, எது இருக்கிறது எது இல்லை என்று தெரிந்துகொண்டு போகலாமே என்று சிலர் சொல்வார்கள். விசாரிக்காமல் போக வேண்டும் என்பது என் கட்சி. இல்லை என்று தெரிந்தால் அந்தத் தெருவுக்கே போயிருக்க மாட்டோம். நாலு கடை தள்ளி வேறொரு டீக்கடை இருந்தது. மகன் தன் சேமிப்பிலிருந்து அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். “அந்த டீ இப்படியா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று வாங்கிக் குடித்தார்.

அந்த இரவு நடையில்தான் மகள் கேட்டாள்: “அம்மா, இந்த நேரத்தில் நீ எங்கே இருப்பாய்?”

விடுதியில்தான். மாலை இருட்டுவதற்குள் உள்ளே வந்து வருகைப் பதிவு கொடுக்க வேண்டும். எங்கள் காலத்தில் எந்த ஊர்ப் பெண்கள் விடுதியிலும் அதுதான் வழக்கம். அதை யாரும் குறையாகச் சொன்னதாகக்கூட நினைவில்லை. இப்போது யோசித்தால், இந்த ஊரின் இரவை நான் படித்த காலம் முழுக்கப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த சிதம்பரம் பகலில் மட்டும் இருந்த ஊர். சனிக்கிழமை பிற்பகல் கும்பலாகத் தேர் வீதிக்கு வருவோம். வளையல், ரிப்பன், நோட்டுப் புத்தகம். வெயில் தாழ்வதற்குள் திரும்ப வேண்டும். நடராசர் கோயிலில் அர்த்தசாமம், அதாவது இரவின் கடைசி வழிபாடு, விசேஷம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பார்த்ததில்லை. அவரோ பொறியியல் படித்தவர், தேவாரத்தில் ஒரு வரி தெரியாது. இரண்டாம் ஆட்டத்துக்குப் போகும் வழியில் அர்த்தசாமம் பார்த்துவிட்டுப் போவாராம். ஒரே ஊரில் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்ற கேள்விக்கு வேறு பதில் வேண்டுமா? நான் உள்ளே போன பிறகு அவர் வெளியே வந்திருக்கிறார்.

மகளிடம் இதைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “உங்களுக்கு இது அப்போது தோன்றவே இல்லையா அப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றார். அது உண்மையான பதில் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. “சரி, வாருங்கள்” என்று எங்களை நேராகக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

இரவு வழிபாட்டுக்குப் போவதானால் ஒன்பதரைக்கெல்லாம் உள்ளே இருப்பது நல்லது. பகலில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி நண்பகலில் வந்திறங்குகிறவர்கள் பலர் சாத்திய கதவைப் பார்த்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். இரவு வழிபாட்டு நேரத்தில் கூட்டம் குறைவு. கல்தரை பகல் சூட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்திருக்கும். தீபாராதனை முடிந்ததும் பெரிய மணிகள் அடங்க, நடராசரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டுபோனார்கள். எல்லாச் சிவாலயங்களிலும் உள்ள சிவகலைகள் அர்த்தசாமத்தில் தில்லை என்னும் சிதம்பரத்துக்கு வந்து ஒடுங்கும் என்பது நம்பிக்கை. ஓதுவார் பாடினார், எனக்குத் தெரிந்த பதிகம்தான். என்னையறியாமல் கூடவே முணுமுணுத்தேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இடம் தெரியும், பாட்டுத் தெரியாது. எனக்குப் பாட்டுத் தெரியும், அந்த நேரத்தில் அந்த இடம் தெரியாது. படித்த ஊரில் போய்ப் பழையதைத் தேடுவதைவிட, அன்று கிடைக்காததைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு அதிகம் பிடித்திருந்தது. உங்கள் தாளிலும் அப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாம்: அப்போது போக முடியாமல் போன இடம், கையில் காசில்லாமல் சாப்பிடாமல் விட்ட பண்டம், அனுமதி கிடைக்காத நேரம்.

சனிக்கிழமை பிள்ளைகள் எங்களை விடியற்காலையிலேயே எழுப்பினார்கள். பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், கிள்ளை வழி. பஸ் உண்டு, குடும்பத்தோடு போனால் போக வர ஆட்டோ பேசிக்கொள்வது நிம்மதி. படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகைக் கேளுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடும். சத்தத்தில் பறவைகளும் பறந்துவிடும். சதுப்புக் காட்டுக்குள் இருக்கும் குறுகிய வாய்க்கால்களில் துடுப்புப் படகுதான் நுழையும். வெயில் ஏறினால் நீரின் எதிரொளியே முகத்தைச் சுட்டுவிடும், அதனால் காலையில் முதல் ஆளாகப் போவது மேல். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையானது. இரண்டு பக்கமும் சுரபுன்னை. நடுத்தண்டிலிருந்து வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றிய முட்டு வேர்கள். வேறோர் இடத்தில் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள்: வெண்கண்டல். உப்பு நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது என்று படகோட்டி சொன்னார். கிளைகள் தாழ்ந்து வரும் இடத்தில் துடுப்பை உள்ளே வைத்துவிட்டுக் கையாலேயே வேரைப் பிடித்துப் படகை இழுத்தார். ஒரு திருப்பத்தில் மகன் ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டியபோது, “தம்பி, அதைத் தொடாதே. தில்லை மரம். பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும்” என்று அதட்டினார்.

தில்லை! பக்கம் பக்கமாக நான் கட்டுரை எழுதிய ஊர்ப்பெயர். தில்லைவனம் இருந்ததால் தில்லை என்று மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். ஊருக்குள் இப்போது அந்த மரக்காடு இல்லை, பிச்சாவரத்தில் இருக்கிறது. மரத்தை நான் அன்றுதான் முதன்முதலாக இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். மங்கலான பச்சையில் எளிய இலைகள், அங்கங்கே முதிர்ந்த இலை சிவந்திருந்தது. படகோட்டிக்கு அது கண்ணில் பால் தெறிக்கும் மரம், எனக்குத் திருமுறை. பிள்ளைகளின் பங்கில் எங்கள் கதைக்கு இடமில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு என் முகம் தெரியும். “ஒரு கதைக்கு அனுமதி உண்டு, சொல்” என்றாள்.

2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அலையின் வேகத்தைத் தணித்ததைப் படகோட்டி சொன்னார். கடலோரத் திட்டுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. இழப்பு அங்கே அதிகம். அதைச் சொல்லும்போது அவர் துடுப்புப் போடவில்லை. 2022-ல் பிச்சாவரம் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது பற்றி மகன் பள்ளியில் படித்திருந்ததைச் சொன்னான். “பேர் வந்தால் சரி, கூட்டம் நெகிழிப் பையைப் போடாமல் இருந்தால் சரி” என்றார்.

பிற்பகலில் தூங்கினோம். இதையும் திட்டத்தில் எழுதி வையுங்கள். பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறதே என்று மதிய வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்ற பாட்டு ஆரம்பமாகிவிடும். வீராணம் ஏரி, வடலூர், வைத்தீசுவரன் கோயில் என்று சுற்றிலும் இழுக்கும் இடங்கள் நிறைய. எதற்கும் போகவில்லை. வார இறுதி என்பது அவ்வளவுதான் தாங்கும்.

மாலையில் கிழக்குக் கோபுர வாயில். உள்சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும், அதாவது நடன நிலைகளும், சிற்பமாக இருக்கின்றன. கூடவே கிரந்த எழுத்தில் அவற்றின் சுலோகங்கள். எல்லாரும் தரிசனத்துக்கு விரைவதால் வாயிலில் யாரும் நிற்பதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் கோயிலை இங்கிருந்து தொடங்கலாம். மகன் காலைத் தூக்கி நெற்றியில் பொட்டு வைப்பது போன்ற நிலையைக் கண்டுபிடித்தான். லலாட திலகம். அங்கேயே செய்து பார்க்கிறேன் என்று காலைத் தூக்கி, பூக்கூடையோடு வந்த பாட்டியின் மேல் சாயப் போனான். பாட்டி, “நடராசனே தடுமாறாமல் ஆடக் கொஞ்சம் காலமாகியிருக்கும், மெதுவாகக் கற்றுக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் சிதம்பரத்துக்காரர்கள் என்னை விட மாட்டார்கள். ஞாயிறு காலை இட்லிக்குக் கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் வேகவைத்து மசித்து, கொத்துமல்லி விதையும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடி போட்டு இறக்குவது. கோயிலில் சம்பா சாதத்துக்குத் துணை. மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட அந்தச் சாதத்துக்குக் காரமான கொத்சு எடுப்பாக இருக்கும். பெரிய ஓட்டலில் தேடாதீர்கள். தேர் வீதிகளில், காலையில் வாசலில் நாலு பேர் நின்றுகொண்டு சாப்பிடும் சின்னக் கடைக்குப் போங்கள். நாங்கள் போன கடையில் அம்மாள் ஒருவர் மரக்கரண்டியால் கத்தரிக்காயை மசித்துக்கொண்டே, “நன்றாக மசியக்கூடாது, நூலாட்டம் நிற்க வேண்டும்” என்று செய்முறையும் சொன்னார். விடுதிச் சாப்பாட்டை மறுபடி ருசிக்க வேண்டும் என்று ஏங்கும் கணவன்மாருக்கு ஒரு சொல்: அந்த ருசி பசியில் இருந்தது. வீட்டிலிருந்து வந்த பலகாரம் தீர்ந்துபோன மாதக் கடைசியின் பசி அது.

கிளம்புவதற்கு முன் திருவேட்களம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே இருக்கும் சிறிய பாசுபதேசுவரர் கோயில். அர்ச்சுனன் தவம் செய்து பாசுபதம் பெற்ற இடம் என்பது தலவரலாறு. தில்லைக்கு வந்த சம்பந்தர், ஊர் முழுக்கச் சிவத்தலமாக இருக்கும் இடத்தில் இரவில் தங்க மனமின்றி, இங்கே தங்கிக்கொண்டு தில்லைக்குப் போய் வந்தார் என்பார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் நாங்கள் வேண்டிக்கொள்ளும் இடம். அர்ச்சுனனுக்கு அம்பு, எங்களுக்கு அரியர் இல்லாத தேர்ச்சி. அவர் இந்தக் கோயிலைக் கேள்விப்பட்டதே இல்லை. வளாகத்திலேயே இருந்துகொண்டு! “அதனால்தான் உங்களுக்கு அத்தனை அரியரா?” என்று மகள் கேட்டாள். எத்தனை என்பதை அவர் இதுவரை சொல்லவில்லை.

நண்பர்கள், உறவினர் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால் அரை நாள் போய்விடும். அவர்கள் பிள்ளையின் கல்யாண ஆல்பம் பார்ப்பதற்குள் ரயிலும் போய்விடும். துறையில் தோழியோடு ஒரு டீ, அவ்வளவுதான் வைத்துக்கொண்டோம். மற்றவர்களுக்குச் சொல்லவே இல்லை. திரும்பும் டிக்கெட்டை ஞாயிறு பிற்பகல் சோழனிலேயே எடுத்திருந்தோம். இரவு ரயிலில் வந்து மறுநாள் பள்ளி, அலுவலகம் என்று ஓடுவது நம் வயதுக்கு ஆகாது. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் அறையும் கிடைக்காது, டிக்கெட்டும் கிடைக்காது; திருவிழாவே நோக்கம் என்றால் மட்டும் அப்போது போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடமும் வெள்ளாறும் பெருகும் ஊர் அது; அப்போதும் வேண்டாம்.

தோழி வாயிலாகச் செய்தி பரவி, காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் என் விடுதி அறைத் தோழி மறுநாளே போனில் பிடித்துக்கொண்டாள். “ஊருக்கு வந்துவிட்டுச் சொல்லாமல் போனாயா?” என்று ஆரம்பித்து அரைமணி நேரம். சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கும்போது வந்து, இரவெல்லாம் கோயிலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பழைய அறைத் தோழிகள் மட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் இருக்கிறார். விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.